மூன்று மைதானமும் ஒரு கத்தரிக்கோலும்

ஜனவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

உன் தம்பி எழுதுவது. இங்கே நானும் வீட்டில் எல்லோரும் சௌக்கியம். நீயும் மாமாவும் எப்படி இருக்கிறீர்கள்? மாமாவின் முழங்கால் வலி தேவலையா? மருந்தடித்து உனக்கு வந்த கண் எரிச்சல் குறைந்ததா? எனக்குத்தான் இந்த வறட்டு இருமல் போனபாடில்லை. ஆபீஸ் ஏசி ஒத்துக்கொள்ளவில்லை என்கிறார் டாக்டர்.

போனில் கேட்க வேண்டியதை ஏன் எழுதுகிறான் என்று நினைப்பாய். வேலை நேரத்தில் நீ போனைத் தொட மாட்டாய், வீட்டுக்கு வந்தால் சாப்பிட்ட கையோடு தூங்கிவிடுவாய். தவிர, இது எனக்கு எழுத்தில் இருந்தால் நல்லது.

எங்கள் முதலாளி வருஷா வருஷம் முக்கியமான வாடிக்கையாளர்களைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் கோல்ஃப் ஆடப் போவார். இந்தத் தடவை ஏப்ரல் கடைசியில் உங்கள் பக்கம் வருகிறோம், எட்டுப் பேர். மைதானத்தைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. போன வருஷம் தேர்ந்தெடுத்தவர் கூட்டிப்போன இடத்தில் புல்லெல்லாம் பொசுங்கிக் கிடந்ததாம். அவர் இப்போது கிடங்குப் பிரிவில் அட்டைப்பெட்டி எண்ணிக்கொண்டிருக்கிறார். அதனால் எனக்குக் கொஞ்சம் உதறல்தான்.

உங்கள் பக்கம் மூன்று இருக்கின்றன: நீ புல்லைப் பார்த்துக்கொள்ளும் பழைய மைதானம், ஏரிக்கரை மைதானம், மேட்டு மைதானம். விளம்பரத் தாளில் மூன்றும் ஒரே பச்சையாகத்தான் தெரிகின்றன. இப்போதைய நிலைமை என்ன, எது சரிப்படும் என்று உள்ளதை உள்ளபடி எழுது. உன்னைவிட யாருக்குத் தெரியும்?

பதிலை எதிர்பார்த்து வாசலைப் பார்த்திருக்கும்,
உன் தம்பி

&nbsp;

ஜனவரி 21

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். மழை வருவதை மாமாவின் முழங்கால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, எனக்குத் தண்ணீர் பாய்ச்சும் வேலை மிச்சம். உன் இருமலைப் பற்றிப் படித்து மனம் கேட்கவில்லை. நாலு மாதமாக ஒரே டாக்டரிடம் போய்க்கொண்டிருக்காதே, வேறு ஒருவரைப் பார். வெந்நீர் குடி. ஏசி உன் மேசைக்கு நேர் மேலே இருந்தால் மேசையை நகர்த்து.

நீ கோல்ஃப் ஆடுகிறாய் என்றதும் சிரித்துவிட்டேன். தெருமுனை வரை ஓடி வாடா என்றாலே வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாய். போகட்டும். ஞாயிற்றுக்கிழமை விடுமுறையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய் மற்ற இரண்டு மைதானத்தையும் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு வந்தேன். கிரீன்தான் முக்கியம். மற்ற இடத்தில் புல் எப்படி இருந்தாலும் சமாளித்துவிடலாம். குழியும் கொடியும் இருக்கும் அந்த வழவழப்பான இடத்தில் புல் கெட்டுப்போனால் பந்து சொன்ன பேச்சைக் கேட்காது.

மேட்டு மைதானம்: மணல்குழிகளில் மணலை மழை அடித்துக்கொண்டு போய்விட்டது, கூழாங்கல் பல்லைக் காட்டுகிறது. கிரீன் ஆரோக்கியம், ஆனால் புல்லை ஐந்து மில்லிமீட்டர் உயரத்துக்கு விட்டு வெட்டுகிறார்கள். பந்து சோம்பேறித்தனமாக உருளும். பன்னிரண்டாவது குழியிலிருந்து அடுத்ததுக்கு ஏறுவதற்குள் பாதிப் பேருக்கு மூச்சு வாங்கும்.

ஏரிக்கரை மைதானம்: பார்க்க மூன்றிலும் இதுதான் அழகு. ஆனால் மழை விட்டு நாலு நாளாகியும் ஏழாவது கிரீனில் தண்ணீர் நிற்கிறது. அடியில் போகும் வடிகால் குழாய் அடைத்திருக்கிறது. பக்கத்தில் நிற்கும் மரத்தின் வேர் உள்ளே புகுந்திருக்க வேண்டும். பதினான்காவது ஓரத்தில் காக்காய்க் கூட்டம் புல்லைக் கொத்திக்கொண்டிருந்தது. காக்காய் சும்மா கொத்தாது, வேரில் புழு இருக்கிறது. அவர்களோ காக்காய் விரட்ட ஒரு ஆளைச் சம்பளம் போட்டு வைத்திருக்கிறார்கள். புழுவை விட்டுவிட்டுக் காக்காயை விரட்டுகிற புத்திசாலிகள். இரண்டும் ஒரு மாதத்தில் சரிசெய்துவிடக்கூடியவைதான்.

கடைசியாக, நான் வேலை செய்யும் இடம். எழுதக் கை வரவில்லை, ஆனால் நீ உள்ளதைக் கேட்டிருக்கிறாய். மூன்று, எட்டு, பதினொன்று, பதினாறு, இந்த நாலு கிரீனிலும் பூஞ்சை. விடியற்காலைப் பனியில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வெள்ளை நூல் ஓடும். வெயில் ஏறினால் காசு அளவில் வைக்கோல் நிறப் புள்ளிகள். கிளப் தலைவருக்குப் பந்து கண்ணாடி மேல் ஓடுகிற மாதிரி ஓட வேண்டும், அதற்காகப் புல்லை மூன்று மில்லிமீட்டருக்கு மழிக்கச் சொல்கிறார். இரண்டு வாரம் மூடி வைத்து, புல்லைக் கொஞ்சம் வளரவிட்டு, மருந்தடித்தால் பிழைக்கும். மூன்று தடவை கமிட்டிக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். போட்டி மேல் போட்டி இருக்கிறது, மூட முடியாது என்கிறார்கள். ஏப்ரலில் இன்னும் மோசமாகும். இங்கே வராதே.

என்னைக் கேட்டால் ஏரிக்கரைதான். ஏழாவதைச் சரி செய்தார்களா என்று பார்த்து எழுதுகிறேன்.

எங்கே ஆடினாலும் ஒரு வேளை சாப்பாடு நம் வீட்டில். இருமலுக்கு என்ன செய்தாய் என்பதை அடுத்த கடிதத்தில் முதல் வரியாக எழுது.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
உன் அக்கா

&nbsp;

பிப்ரவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அங்கும் அனைவரும் நலம்தானே? உன் கடிதம் பிரமாதம். எல்லோரும் அசந்துவிட்டார்கள். காக்காய் விஷயத்தைப் படித்து முதலாளி வாய்விட்டுச் சிரித்தார். அவர் இப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை. ஏரிக்கரை என்றுதான் முடிவாகும் போலிருக்கிறது. ஆபீஸில் வேலை அதிகம், சுருக்கமாக முடிக்கிறேன்.

உன் தம்பி

&nbsp;

பிப்ரவரி 14

அன்புள்ள தம்பிக்கு,

நாங்கள் நலம். இருமலைப் பற்றி முதல் வரியாக எழுதச் சொன்னேன், கடைசி வரியில்கூட இல்லை.

முதலாளி படித்தாரா? என் கடிதத்தையா? எல்லோரும் என்றால் யார் யார்? நீ படித்துக் காட்டினாயா, கையிலேயே கொடுத்துவிட்டாயா? என் மைதானத்தைப் பற்றி எழுதியது உனக்கு மட்டும். எனக்குச் சரியாகப் படவில்லை. உடனே பதில் போடு.

உன் அக்கா

&nbsp;

மார்ச் 3

தம்பிக்கு,

பதில் இல்லை. இனி வேண்டியதும் இல்லை, எனக்கே தெரிந்துவிட்டது.

நேற்றுக் காலை கிளப் செயலாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசைமேல் ஒரு நகல். என் கடிதம். மேட்டு மைதானத்தில் ஆரம்பித்து ஏரிக்கரைதான் என்ற வரியோடு நிற்கிறது. மேலே அன்புள்ள தம்பியைக் காணோம். கீழே அக்காவைக் காணோம். உன் இருமலும் இல்லை, மாமாவின் முழங்காலும் இல்லை. தலையும் காலும் வெட்டின முண்டம் மாதிரி கிடந்தது. அதற்கு மேலே உன் கையெழுத்தில் ஒரு தலைப்பு: "உள்ளே வேலை செய்யும் ஒரு பெண் தந்த தகவல்."

ஒரு பெண். ஏண்டா, நான் உனக்கு ஒரு பெண்ணா?

உன் முதலாளியும் எங்கள் கிளப் தலைவரும் சிநேகிதர்களாம், அது உனக்குத் தெரியுமோ தெரியாதோ. அவர் சிரித்துக்கொண்டே ஒரு நகலை இவருக்குக் கொடுத்திருக்கிறார். இவர் சிரிக்கவில்லை. யார் எழுதியது என்று செயலாளர் என்னைக் கேட்கக்கூட இல்லை, எப்போதிலிருந்து இப்படி வெளியாருக்குத் தகவல் கொடுக்கிறீர்கள் என்றுதான் கேட்டார். தம்பிக்கு எழுதினேன் என்றேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தம்பி என்று எங்கேயும் இல்லை.

அவர் கெட்டவர் இல்லை. "குடும்பத்துக் கடிதம்னா ஒரு எச்சரிக்கையோட விட்டுடலாம். வெளியாளுக்குக் கொடுத்த தகவல்னா வேலை போயிடும். கடிதத்தோட அசலைக் கொண்டு வாங்க, உங்க தம்பிகிட்ட ஒரு வரி எழுதி வாங்கிட்டு வாங்க" என்றார். இருபதாம் தேதி கமிட்டி கூடுகிறது.

ஆகவே இரண்டு வேலை செய். அசலைத் தபாலில் அனுப்பு. தலைவருக்கு ஒரு வரி எழுது: இதை எழுதியவர் என் அக்கா, எனக்காக எழுதியது, நகல் எடுத்தது நான். மூன்றே விஷயம். இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்த இடம்டா இது.

அக்கா

&nbsp;

மார்ச் 11

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். உன் கோபம் நியாயம்தான். ஆனால் என் பக்கத்தையும் கேள். மேலேயும் கீழேயும் எடுத்துவிட்டதே உனக்காகத்தான், உன் பெயர் வெளியே தெரிந்துவிடக்கூடாது என்றுதான். நலம் விசாரித்ததெல்லாம் குடும்ப விஷயம், அதை அவர்கள் ஏன் படிக்க வேண்டும்?

இன்னொன்றும் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விருந்தில் முதலாளி என் குடும்பத்தைப் பற்றிக் கேட்டார். அக்கா விவசாயத் துறையில் அதிகாரி என்று வாயில் வந்துவிட்டது. சந்தர்ப்பம் அப்படி. சுற்றிலும் டாக்டர், வக்கீல் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது நான் தலைவருக்கு எழுதினால் அது மறுநாளே முதலாளி காதுக்குப் போய்விடும். என் நிலைமையை யோசித்துப் பார்.

அசல் ஆபீஸ் அலமாரியில் எங்கோ இருக்கிறது, தேடுகிறேன். கொஞ்சம் பொறு. செயலாளர் நல்லவர் என்கிறாய், பேசிப் பார்த்தால் சரியாகிவிடும். மாமாவைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி

&nbsp;

மார்ச் 15

தம்பிக்கு,

யாருக்குக் காது குத்துகிறாய்? என் பெயர் தெரியக்கூடாது என்று வெட்டினாயா? தினமும் காலை ஆறு மணிக்கு கிளப் வாசலில் இருக்கும் கரும்பலகையில் அன்றைக்கு எந்தக் கிரீனில் குழி எந்தப் பக்கம் என்று எழுதுவது யார்? நான். குழியைத் தினமும் இடம் மாற்றி வெட்டுகிறவள்தான் அதை எழுத வேண்டும். அங்கே ஆட வருகிற ஒவ்வொருவரும் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் மட்டையையே எடுப்பார்கள். உன் தலைப்பு ஒரு கையெழுத்து, அதற்குக் கீழே கரும்பலகைக் கையெழுத்து. என் பெயரை மறைக்கிறேன் என்று என் பெயரைத் தவிர எல்லாவற்றையும் கொடுத்துவிட்டாய். நீ வெட்டினது என் பெயரை இல்லை, உன் பெயரை. தம்பி என்கிற வார்த்தைதான் உனக்கு உறுத்தியது.

விவசாயத் துறை அதிகாரி! எந்தத் துறையில் எனக்கு நாற்காலி போட்டிருக்கிறாய் என்று சொல்லியிருந்தால் ஒரு நாள் போய் உட்கார்ந்தாவது பார்த்திருப்பேன். பதினெட்டுக் கிரீனுக்கும் ஒரு தாயைப் போல் மருந்தும் தண்ணீரும் பார்த்துக் கொடுக்கிறேன், பதினோரு பேர் என் சொல்லைக் கேட்டு வேலை செய்கிறார்கள். இதில் எதைச் சொல்ல உன் வாய் கூசியது?

மைதானத்தில் மொத்தப் பேருக்கும் நான் புல்லக்கா. இயந்திரம் ஓட்டுகிறவருக்கு அக்கா, பந்து விற்கிறவருக்கு அக்கா, அறுபது வயசு காவல்காரருக்கும் அக்கா. கூடப் பிறந்தவனுக்கு மட்டும் ஒரு பெண்.

உன் நிலைமையை யோசித்தேன். முதலாளி உன்னை ஒரு மாதிரி பார்ப்பார், அவ்வளவுதான் உன் நிலைமை. என் நிலைமை இருபதாம் தேதி. அலமாரியில் தேட ஒன்பது நாள் ஆகாது. இன்றைக்கே அனுப்பு.

அக்கா

&nbsp;

மார்ச் 23

அன்புள்ள அக்காவுக்கு,

வெளியூர் வேலையாகப் போய் நேற்றுத்தான் திரும்பினேன். தேதி தாண்டிவிட்டது என்று தெரியும்.

இத்துடன் அசல் இருக்கிறது. உறையைப் பிரித்ததும் உனக்குப் புரிந்துவிடும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். நகல் எடுக்கும்போது மேலே வெறும் தாள் வைத்து மறைத்திருக்கலாம், அது அப்போது தோன்றவில்லை. அசலையே கத்தரிக்கோலால் வெட்டிவிட்டேன். மேல்துண்டும் கீழ்த்துண்டும் குப்பைக்கூடையில் போய்விட்டன. அலமாரியில் தேடுகிறேன் என்றது பொய்.

தலைவருக்கு எழுத இரண்டு தடவை உட்கார்ந்தேன். "என் அக்கா" என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. ஏன் என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை. கமிட்டியில் என்ன ஆயிற்று?

உன் தம்பி

&nbsp;

மார்ச் 31

என்ன ஆயிற்று என்று கேட்டிருக்கிறாய்.

நீளமான மேசை. ஏழு பேர். நான் நின்றுகொண்டிருந்தேன், உட்காரச் சொல்லவில்லை. தலைவர் நகலைத் தூக்கிக் காட்டினார். தம்பிக்கு எழுதியது என்று மறுபடியும் சொன்னேன். அதற்கு அவர் கேட்டதை எழுதுகிறேன், நீ படித்துக்கொள்.

"தம்பி தம்பிங்கறீங்களே, அப்படி ஒருத்தர் உண்மையிலேயே இருக்காரா?"

செயலாளர் குனிந்துகொண்டார். இருக்கிறான் என்று காட்ட என் கையில் ஒரு துண்டுத் தாள் இல்லை. அந்த அறையில் எனக்குத் தம்பி இல்லாமல் போனான். அம்மா அப்பா போனபோதுகூட நான் இப்படித் தனியாக நின்றதில்லை.

அடுத்து, நாலு கிரீனில் நோய் என்று எழுதியது பொய் என்று கையெழுத்துப் போட்டால் வேலையில் இருக்கலாம் என்றார்கள். எட்டாவது கிரீன் அந்த அறை ஜன்னலிலிருந்து நன்றாகத் தெரியும். "வாங்க, இப்பவே காட்டுறேன்" என்றேன். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. ஒருத்தர்கூடத் தலையைத் திருப்பி ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை. புல் செத்துக்கொண்டிருப்பதை நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம், பார்க்கவில்லை.

கையெழுத்துப் போடவில்லை. குழி வெட்டும் கருவியைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு வந்தேன். மறுநாள் கரும்பலகையில் யாரோ எழுதியிருந்தார்களாம், பதினொன்றாவதில் குழி இருந்த பக்கமே தப்பாம்.

நீ அனுப்பிய நடுத்துண்டு இங்கே இருக்கிறது. உன் இருமலை விசாரித்த வரிகள்தான் குப்பைக்குப் போயிருக்கின்றன, காக்காயைப் பற்றி எழுதியது பத்திரமாக இருக்கிறது. உனக்கு எது வேண்டும் என்று நன்றாகத் தெரிந்துதான் வெட்டியிருக்கிறாய்.

இனி எனக்கு எழுதாதே.

&nbsp;

ஜூன் 5

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாதே என்றாய். இரண்டு மாதம் எழுதவில்லை. எழுதி எழுதி நாலு கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். நீ எப்படி இருக்கிறாய்? வேறு வேலை கிடைத்ததா? மாமாவுக்குப் போன் போட்டேன், என் குரலைக் கேட்டதும் நலம் என்று சொல்லி வைத்துவிட்டார்.

இதை எழுத எனக்கு முகமில்லை. முதலாளிக்கு வெளிநாட்டு வேலை வந்ததால் ஏப்ரல் பயணம் தள்ளிப்போயிற்று. இப்போது ஜூன் 28, ஏரிக்கரை. நேற்று என்னைக் கூப்பிட்டு, அந்தத் தகவல் கொடுத்த பெண்ணிடம் ஏழாவது கிரீன் சரியாகிவிட்டதா என்று மறுபடி கேட்டுச் சொல் என்றார். அந்தப் பெண்ணுக்கு என்னால் வேலை போய்விட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னது, சரி சார், கேட்கிறேன்.

கேட்டுவிட்டேன். நீ பதில் போடாவிட்டால் அது எனக்கு வேண்டியதுதான்.

உன் தம்பி

&nbsp;

ஜூன் 12

ஏரிக்கரை மைதானம், இப்போதைய நிலைமை:

பதினெட்டுக் கிரீனும் ஆரோக்கியம். புல் நாலு மில்லிமீட்டர். அதற்குக் கீழே மழிக்கச் சொல்லி யார் கேட்டாலும் முடியாது.

ஏழாவதைத் தோண்டியதில் குழாய்க்குள் கை பருமனில் வேர். குழாய் மாற்றி, புதுப் புல் பதித்து எட்டு வாரம் ஆகிறது. அடை மழை பெய்தாலும் அரை மணியில் வடிந்துவிடுகிறது. பதித்த இடத்தில் தையல் போட்ட மாதிரி லேசான கோடு தெரியும், பந்து அதில் தடுக்காது. பதினான்காவதில் புழு ஒழிந்தது, காக்காய்கள் வேறு இடம் பார்த்துக்கொண்டன. அவற்றை விரட்டிக்கொண்டிருந்தவர் இப்போது வெட்டும் இயந்திரம் ஓட்டுகிறார். நாலாவது மணல்குழியில் மட்டும் மணல் புதியது, கால் புதையும்.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். ஏப்ரல் முதல் வாரம் ஏரிக்கரை மைதானத்து மேலாளர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் அதே நகல். ஊரெல்லாம் சுற்றி அவரிடமும் போயிருக்கிறது. "வேலிக்கு வெளிய நின்னே வேர்னு கண்டுபிடிச்சது நீங்கதானா? தோண்டிப் பார்த்துட்டுத்தான் வர்றேன்" என்றார். மறுநாள் முதல் நான் இங்கே இருக்கிறேன். இதற்காக உனக்கு நான் நன்றி சொல்வேன் என்று கனவு காணாதே. வேர் இருக்கும் இடம் எனக்குத் தெரிந்ததால் கிடைத்த வேலை இது.

இந்தத் தாளில் மேலே அன்புள்ளவும் இல்லை, கீழே அக்காவும் இல்லை. உனக்குக் கத்தரிக்கோல் வேலை மிச்சம். அப்படியே நகல் எடுக்கலாம்.

இருபத்தெட்டாம் தேதி காலை ஆறரைக்கு, முதல் குழிக்கு ஆட ஆரம்பிக்கும் இடத்தில் நிற்பேன். என்னை என்னவென்று கூப்பிடுவது என்று முடிவு செய்துகொண்டு வா.

&nbsp;

ஜூலை 1

அன்புள்ள தம்பிக்கு,

மேலே உள்ள இரண்டு வார்த்தையை எழுத எனக்கு மூன்று நாள் ஆயிற்று.

நீ வெள்ளைத் தொப்பியோடு வண்டியிலிருந்து இறங்கியதைப் பார்த்தேன். நீயும் என்னைப் பார்த்தாய். பார்த்துவிட்டு, கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாய். முதல் குழி. ஒன்றும் இல்லை. இரண்டு, மூன்று. என் ஆட்கள் புல்லக்கா, புல்லக்கா என்று பத்துத் தடவை கூப்பிட்டார்கள். ஒவ்வொரு தடவையும் நீ தொப்பியை இன்னும் கீழே இழுத்துக்கொண்டாய். ஏழாவதில் உன் முதலாளி நேராக என்னிடமே வந்தார். "ஏம்மா, இதுதானே தண்ணி நின்ன இடம்?" என்றார். குழாயைப் பற்றியும் வேரைப் பற்றியும் விளக்கினேன், நன்றாகத்தான் கேட்டுக்கொண்டார். நீ மூன்றடி தூரத்தில் நின்று உன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மட்டையைப் பிடுங்கி உன் முதுகில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. எட்டாவதும் போயிற்று. சரி, இவ்வளவுதான் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஒன்பதாவதில் நான் கிரீனின் அந்தப் பக்கம் நின்றிருந்தேன். உன் முதலாளி குனிந்து குறி பார்த்துக்கொண்டிருந்தார். நாலடி தூரம், சுலபமான பந்து. அந்த நேரத்தில் இருமக்கூடக் கூடாது என்பது இந்த விளையாட்டில் முதல் பாடம், மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள். எல்லோரும் அப்படித்தான் நின்றார்கள். அவர் மட்டையைப் பின்னால் இழுத்த அந்தக் கணம் பார்த்து, நீ தொண்டை கிழியக் கத்தினாய்.

"அக்கா!"

பந்து குழியைத் தாண்டிப் போய்ப் புல்லில் உட்கார்ந்தது. ஏழு பேரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உனக்கு முகமெல்லாம் வேர்வை. என்னைக் கைகாட்டி, "என் கூடப் பிறந்த அக்கா, சார். அதை எழுதினது இவங்கதான். இவங்க வேலை போனதும் என்னாலதான்" என்றாய்.

உன் முதலாளி என்னைப் பார்த்தார். உன்னைப் பார்த்தார். "அப்படியா?" என்றார். "முதல்லயே சொல்லியிருக்கலாமேய்யா" என்றார். பந்தை எடுத்துக்கொண்டு பத்தாவதுக்கு நடந்துவிட்டார்.

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. உன்னைக் கிடங்குக்கு அனுப்பவில்லை. அங்கே நின்றபோது எனக்கு வந்த கோபம் கமிட்டி அறையில்கூட வரவில்லை. இந்த ஒரு அப்படியாவுக்கா பயந்தாய்? இதற்காகவா ஏழு பேர் முன்னால் எனக்குத் தம்பி இல்லை என்று ஆயிற்று? பழைய மைதானத்தில் எட்டாவது கிரீன் முழுக்கக் காய்ந்து, இப்போது மண்ணாகக் கிடக்கிறதாம். நேற்றுச் செயலாளர் வழியில் பார்த்துச் சொன்னார். எனக்குச் சந்தோஷம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அதற்கும் உன் மேல்தான் கோபம் வந்தது. மார்ச் மாதத்தில் நீ ஒரு வரி எழுதியிருந்தால் நான் அங்கே இருந்திருப்பேன், அந்தப் புல் உயிரோடு இருந்திருக்கும்.

கூப்பிட்டதற்காக இந்தக் கடிதம். எட்டுக் குழி வரை கூப்பிடாததற்கான கோபம் அப்படியே இருக்கிறது, எழுதித் தீராது. வீட்டுக்கு வந்து நேரில் வாங்கிக்கொள். மாமாவும் தன் பங்குக்குக் கொஞ்சம் வைத்திருக்கிறார். அவர் முழங்கால் இப்போது தேவலை.

நீ கத்தினாயே, கூடவே அந்த வறட்டு இருமலும் வந்தது. நான் எழுதி ஆறு மாதமாகியும் போகவில்லையா? வேறு டாக்டரைப் பார்த்தாயா? மேசையை நகர்த்தினாயா இல்லையா? பதிலில் முதல் வரியாக எழுது.

இப்படிக்கு,
உன் அக்கா

இதற்கு மேல் இருக்கும் வரியை வெட்டினால் கையை ஒடித்துவிடுவேன்.